குழுவுக்கு ஒரு கூடு

மாசிக் கடைசியில் ஏழாம் வகுப்பு மாணவர்களை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றேன். பறவைப் பெயர்ப் பட்டியல் எதுவும் தரவில்லை. குழுவுக்கு ஒரு கூடு, அரை மணி நேரம், அவ்வளவுதான்.

நத்தைகுத்தி நாரையைப் பார்த்த குழுவில் வாக்குவாதம். பெரிய பறவையின் அலகு நடுவில் சேராமல் இடைவெளி விட்டிருக்கிறது; குஞ்சுக்கு அப்படி இல்லையே, இது வேறு பறவையின் குஞ்சா? விடையை நான் சொல்லவில்லை. பக்கத்துக் கூடுகளையும் பார்க்கச் சொன்னேன். எல்லாக் குஞ்சுகளும் அப்படியே இருக்கக் கண்டு, "வளர்ந்தால்தான் இடைவெளி வருமோ?" என்றாள் ஒரு மாணவி. அதுதான் உண்மை. நத்தையைப் பிடித்துக் கையாள அந்த அலகு உதவுகிறது என்பதை மட்டும் நான் சேர்த்தேன்.

கூடுகள் கரையிலிருந்து தள்ளியே இருக்கும்; குழுவுக்கு ஒரு பைனாகுலராவது வேண்டும். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.