குடலுக்குள் குடல்
பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு, விலங்கியல்

எங்கள் தெருவில் எட்டு மாதக் குழந்தை ஒன்று திடீரென்று வீறிட்டு அழுதது. கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டது. "குடலேற்றம்" என்று கூறி, கைராசிக்காரப் பாட்டி ஒருவர் விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவினார். அழுகை நின்றது. கால்மணி நேரம் கழித்து மீண்டும் அழுகை, மீண்டும் நீவல், மீண்டும் அமைதி. பாட்டியின் கையில்தான் குணம் இருக்கிறதென்று எல்லோரும் நம்பினோம். நானும்தான்.

அக்குழந்தைக்கு வந்தது குடற்செருகல். நீண்ட சட்டைக் கையின் நுனியை உள்ளே தள்ளினால் துணிக்குள் துணி புகுந்துகொள்கிறதல்லவா? அதுபோலச் சிறுகுடலின் கடைப்பகுதி பெருங்குடலுக்குள் புகுந்துவிடுகிறது. குடல் அலையலையாகச் சுருங்கி உணவைத் தள்ளும் இயல்புடையது. அலை எழும்போதெல்லாம் செருகிய பகுதி இழுபட்டு வலிக்கிறது. அலை ஓய்ந்ததும் வலியும் ஓய்கிறது. ஆகவே நீவினாலும் நீவாவிட்டாலும் அழுகை சற்று நிற்கவே செய்யும். பாட்டியைக் குறை கூறிப் பயனில்லை, நோயே ஏமாற்றுகிறது.

இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளிடமே இது மிகுதி. பெரும்பாலும் காரணம் இன்னதென்று அகப்படுவதில்லை. சளிக்காய்ச்சலோ பேதியோ கண்டபின் குடற்சுவரிலுள்ள நிணநீர்த் திசு வீங்க, அவ்வீக்கத்தை உணவுக்கவளம் போலக் குடல் முன்னே தள்ளுவதால் செருகல் தொடங்குகிறதென்பர். சற்றுப் பெரிய குழந்தைகளிடம் குடலில் வளர்ந்த கட்டியோ, மெக்கல் பை எனும் பிறவிப் பிதுக்கமோ காரணமாகலாம்.

குடலோடு இரத்தக் குழாய்களும் நெரிபடுவதால், சளியும் இரத்தமும் கலந்த மலம் சிவந்த கூழ்போல் வரும். இதைச் சீதபேதியென்று எண்ணிக் காலத்தை இழப்பவர் உண்டு. வாந்தி பச்சை நிறமானால் அடைப்பை நினைத்தே தீரவேண்டும். பிறந்து சில நாளே ஆன குழந்தையாயின் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம்; அது சில மணி நேரத்தில் குடலையே சாகடித்துவிடும். குடலிறக்கம் சிக்கிக்கொள்வதாலும், உருளைப்புழுக்கள் பந்துபோல் திரள்வதாலும் அடைப்பு நேர்வதுண்டு.

1871இல் இலண்டனில் ஜொனாதன் ஹட்சின்சன் என்பவர் இரண்டு வயதுக் குழந்தையின் வயிற்றைத் திறந்து, செருகிய குடலை விடுவித்து உயிர் காத்தார். இன்று பெரும்பாலும் கத்தியே வேண்டியதில்லை. ஸ்கேன் மூலம் உறுதி செய்து, ஆசனவாய் வழியே காற்றையோ உப்புநீரையோ அளவான அழுத்தத்தில் செலுத்தினால் குடல் வந்த வழியே திரும்பிவிடும். குடல் அழுகிவிட்டாலோ அது இயலாது.

எங்கள் தெருக் குழந்தையை மறுநாள் மாலைதான் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். ஒரு சாண் குடலை வெட்டியெடுத்து இணைக்க வேண்டியதாயிற்று. இப்பொழுது அது ஓடி விளையாடுகிறது. பாட்டி இன்றும் வயிறு நீவுகிறார். ஆனால் கை வைக்கும் முன், "பச்சையா வாந்தி எடுத்துச்சா?" என்று கேட்டுக்கொள்கிறார்.