தூக்கணாங்குருவியின் சுயம்வரம்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் மார்க்கத்திலே, வயலோரப் பனைகளில் ஆடும் தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பார்த்திருப்போர் அநேகர். அவற்றுள் சில பாதியிலேயே நிற்பதன் காரணத்தை அறிந்தோர் சொற்பம். நெல், கரும்பு இலைகளை நீள நீளமாகக் கிழித்து வந்து, கவிழ்த்த தொப்பி போன்ற பருவம் வரை பின்னிய ஆண் பறவை, சிறகடித்துக் கூவி அழைக்க, பெட்டை உள்ளே நுழைந்து, அலகால் இழுத்துப் பரீட்சித்துச் சம்மதித்தால்தான் நீண்ட வாயிற்குழல் பூர்த்தியாகும். பிறகு அந்த ஆண், கூச்சமின்றி, வேறொருத்திக்காக அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடும்! 1930இல் பம்பாய்க்கு அருகே கிஹிமில் இதை ஆராய்ந்து விளக்கியவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. இதைப் போலவே பெட்டையைக் கவர, ஆஸ்திரேலியாவில் நீலப் பொருள்களால் பந்தலை அலங்கரிக்கும் பறவைக்கு அப்பந்தல் காதல் மேடை மாத்திரமே. நம் தூக்கணாங்குருவியோ குடியிருப்பும் கட்டுகிறது. இக்குருவியைத் தோட்டத்தில் படம்பிடிப்போர், காமிராவை முக்காலியில் பொருத்திச் சற்று விலகியிருப்பதே உசிதம். அப்பொழுதுதான், ஆண் பறவை அலகில் ஈரமண் கொணர்ந்து கூட்டின் உட்புறத்தில் அப்பும் அபூர்வக் காட்சி அகப்படும்.