படகுக்குள் தண்ணீர் வந்த வழி

ரயில்வேக்காரனுக்குப் படகில் என்ன வேலை என்று சங்க அன்பர்கள் சிலர் கேட்டதுண்டு. பாலத்துத் தூண்களைத் தண்ணீர் மட்டத்தில் பார்க்க வேண்டுமானால் படகில்தான் போக வேண்டும். 1994-ஆம் ஆண்டு குளிர்காலத்தில், பயந்தருக்கும் நாய்காவுக்கும் நடுவே வசாய் கடற்கழிப் பாலத்தில் எனக்கு அப்படி ஒரு வேலை. கோலி மீனவர் ஒருவரின் மரப்படகை வாடகைக்கு எடுத்திருந்தோம். அறுபதைத் தாண்டியவர். எங்கள் எல்லோருக்கும் அவர் 'காகா'.

மூன்றாம் நாள் சிமென்ட் மூட்டைகளைப் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு போனபோது, படகின் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். கைப்பம்பால் இறைத்தோம். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் அதே அளவு. எங்கள் ஆட்கள் ஆறு பேரில் நீச்சல் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மேலதிகாரி, "பலகை உளுத்திருக்கும், வேறு படகு பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். காகா என்னிடம் வந்து, "சாஹேப், மழைக்கு முன்புதான் இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்துப் பூசினேன். இரண்டு நாள் கொடுங்கள்" என்றார். இந்த வாடகையை நம்பித்தான் அவர் குடும்பம் இருந்தது.

முதலில், அந்தத் தண்ணீரில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சிரிக்க வேண்டாம். நல்ல தண்ணீரானால் குடிதண்ணீர் டிரம் கசிகிறது என்று அர்த்தம். உப்புக் கரித்தது. ஆக, கழித் தண்ணீர்தான்.

அடுத்த சந்தேகம் சுழலித் தண்டின் மேல். அது படகின் பின்புறத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. அந்தத் துளையில் கிரீஸ் தடவிய கயிற்றைத் திணித்து, நட்டால் அழுத்தி வைத்திருப்பார்கள். தண்டு சுழலும்போது அங்கே சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும். அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிர்விப்பது. நான் அதிகப்பிரசங்கித்தனமாக நட்டை இறுக்கினேன். பத்து நிமிடத்தில் தண்டில் கை வைக்க முடியாத சூடு. காகா ஒன்றும் பேசாமல் ஸ்பேனரை வாங்கித் தளர்த்தினார்.

நீர் வற்றிய நேரத்தில் படகைச் சேற்றுக்கரையில் நிறுத்தி, வெளிப்புறத்தைத் துடைத்து, உள்ளே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். உள்ளே வரும் வழி இருந்தால் வெளியே போகவும் அது வழிவிடும். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

இங்கே பெட்டிப் பணிமனைக்காரர்களிடம் கற்ற ஒரு வித்தை உதவியது. ரயில் பெட்டியில் ஒழுகினால், சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பக்கூடாது. தண்ணீர் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி, இரண்டு பெர்த் தள்ளி வந்து சொட்டும். (நம் பம்பாய் ஃபிளாட்டுகளிலும் இதே கதைதான். மாடி வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் பாருங்கள்.) அதனால் உலர்ந்த பரப்பில் சாக்பொடியைத் தூவி வைப்பார்கள். ஈரம் நடந்த தடம் தெரிந்துவிடும்.

படகின் அடியைத் துணியால் ஒற்றியெடுத்துப் பொடி தூவினேன். இரவு முழுவதும் உலர்ந்தே இருந்தது. காலையில் அதே ஆட்கள், அதே மூட்டைகள். இரண்டு மணி நேரம் ஓடியும் தண்டின் சொட்டைத் தவிர ஒன்றுமில்லை. எனக்கே குழப்பம். பிறகு ஒரு பையன், சேர்ந்திருந்த அந்தக் கொஞ்சத்தை வழக்கம்போலப் பம்பால் நாலு அடி அடித்து இறைத்தான். கொஞ்ச நேரத்தில் பொடி கலைய ஆரம்பித்தது. தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால், அது பம்புக் குழாயின் காலடியில் போய் நின்றது!

இறைக்கும் குழாய்தான் நிரப்பிக்கொண்டிருந்தது. பம்பின் வெளிவாய் படகின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தது. பின்பக்கம் பாரம் ஏறியதும் அது தண்ணீருக்குள் அமிழ்ந்துவிடும். இறைத்தவுடன் குழாய் முழுக்க நீர். உள்ளிருக்கும் வால் வெளி நீர்மட்டத்தைவிடத் தாழ்வு. பம்பின் ரப்பர் நாக்கோ தேய்ந்து போயிருந்தது. டிரம்மிலிருந்து மண்ணெண்ணெயை ட்யூபால் உறிஞ்சிவிடுகிறோமே, அதே சைஃபன். தண்ணீர் உள்ளே வர வர படகு இன்னும் தாழும், ஆகவே அது தானாக நிற்காது. பாரமும் இறைப்பும் இரண்டும் சேர்ந்தால்தான் வரும் என்பதால், இரவில் அகப்படவில்லை.

வெளிவாயை இரண்டு சாண் மேலே ஏற்றினோம். குழாயை உயரமாக வளைத்து, வளைவின் உச்சியில் காற்று நுழைய ஊசித்துளை ஒன்று போட்டோம். இறைக்கும்போது அதில் கொஞ்சம் பீய்ச்சும், பரவாயில்லை. பழைய டயர் ட்யூபில் புது நாக்கு வெட்டிப் போட்டார் காகா. வேலை முடியும்வரை அதே படகுதான் ஓடியது. மேலதிகாரிக்கு இரண்டு பக்க ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். நட்டை இறுக்கியதை மட்டும் அதில் எழுதவில்லை.