சேற்றுப் புழுவுக்கு ஒரு பெயர்

மும்பையில் தாராவியை ஒட்டி மித்தி ஆறு ஓடுகிறது. மாகிம் கழிமுகத்தில் அது கடலோடு சேருகிறது. செம்பூரை அடுத்த மாகுலில் கடல் நீர் வற்றும்போது பெரிய சேற்று வெளி தெரியும். அந்தச் சேற்றைப் பார்த்து, "வெறும் அழுக்கு" என்று நாம் மூக்கைப் பிடித்துக்கொள்வோம். ஆனால் சேற்றுக்குள் எத்தனையோ உயிர்கள் வாழ்கின்றன. அவற்றில் ஒன்று சிறு கடற்புழு.

மண்புழுவை நாம் அறிவோம். அதன் உடல் வளையம் வளையமாக இருக்கும். கடற்புழு அதற்கு உறவு. பல கடற்புழுக்களுக்கு ஒவ்வொரு வளையத்தின் இரு பக்கமும் துடுப்புப் போன்ற சதை உண்டு. அதில் மெல்லிய முடிகள் உண்டு. மீன், நண்டு, கரைப்பறவை எல்லாவற்றுக்கும் இது இரை. புழு அழிந்தால் மீன் குறையும். மீன் குறைந்தால் மீனவர் வலை காலியாகும்.

உலகில் 10,000க்கும் மேற்பட்ட கடற்புழு வகைகள் உள்ளன. ஒரு புழு எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சேற்றை எடுத்து, அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அலசுவார்கள். தங்கும் புழுக்களைக் கெடாமல் மருந்தில் போட்டு வைப்பார்கள். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். வளையங்கள் எத்தனை? கண்கள் எத்தனை? முடி நேராக இருக்கிறதா, கொக்கி போல வளைந்திருக்கிறதா? சில புழுக்களுக்குத் தாடை உண்டு. தாடையை ஒட்டிப் புள்ளி புள்ளியாகப் பற்களும் உண்டு. அவை எங்கே, எத்தனை என்றும் எண்ணுவார்கள்.

பிறகு புத்தகத்தோடு ஒப்பிடுவார்கள். பியேர் ஃபோவெல் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தியக் கடற்புழுக்கள் பற்றி எழுதிய நூல் 1953இல் அலகாபாத்தில் வெளியானது. எதனோடும் பொருந்தாவிட்டால் அது புது வகை. அதன் படத்தை வரைந்து, அளவுகளை எழுதி, இரண்டு சொல்லில் பெயர் வைப்பார்கள். அந்தப் புழுவை அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்துவார்கள். பின்னால் வருபவர்கள் அதைப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

இவ்வளவு பாடு எதற்கு? புழு நமக்குச் செய்தி சொல்கிறது. சாக்கடை கலந்தால் சேற்றில் பிராணவாயு குறையும். பல வகைப் புழுக்கள் செத்துவிடும். கேப்பிடெல்லா என்ற புழு மட்டும் தாக்குப்பிடித்து மளமளவென்று பெருகும். அதுவே எங்கும் நிறைந்திருந்தால் சேறு கெட்டுவிட்டது என்று பொருள். மற்ற வகைகள் திரும்பி வந்தால் நீர் தேறுகிறது என்று பொருள்.

பெயர் தவறினால் இந்தக் கணக்கும் தவறிவிடும். கேப்பிடெல்லாவையே ஒரே வகை என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1976இல் அமெரிக்காவில் ஜூடித் கிராஸ்ல், ஃபிரடெரிக் கிராஸ்ல் இருவரும் அதை ஆராய்ந்தார்கள். பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும், அவை குறைந்தது ஆறு வகைகள் என்று தெரிந்தது. ஃபோவெல் நூலிலும் இந்தியப் புழுக்கள் பலவற்றுக்கு ஐரோப்பியப் புழுக்களின் பெயரே இருக்கிறது. ஆய்வாளர்கள் இப்போது அவற்றைத் திரும்பப் பார்க்கிறார்கள்.

ஆற்றைச் சுத்தம் செய்ததாக யாரும் சொல்லலாம். உண்மையா என்று சேற்றுப் புழு காட்டிவிடும். அதைக் கேட்க அதன் பெயர் தெரிய வேண்டும்.

கூடிப் பேசுங்கள்: உங்கள் தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது? அங்கே முன்பு என்ன மீன் கிடைத்தது? இப்போது என்ன கிடைக்கிறது?