மெட்டுப் போட்ட அக்கா!

பொங்கல் சமயத்தில் நம் தர்மபுரி கிராமங்களில் கும்மியடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா, குட்டீஸ்? ஒரு அக்கா முன்பாட்டு பாட, மற்றவர்கள் கைதட்டியபடி பின்பாட்டு பாடுவார்கள். ஏறக்குறைய இப்படித்தான் 1960களில் அமெரிக்காவில் பெண்கள் குழுக்கள் பாடின. சரி, அவர்களுக்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்தது யார்?

அவர்களில் ஒருவர் கரோல் கிங். 1942ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா தீயணைப்பு வீரர்; அம்மா ஆசிரியை. நான்கு வயதிலேயே அம்மா பியானோ கற்றுக்கொடுத்து விட்டார்!

கல்லூரியில் ஜெர்ரி காஃபின் அறிமுகமானார். 17 வயதில் திருமணம். (நம் நாட்டில் பெண்ணுக்கு 18 வயது ஆகாமல் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். இந்த ஒரு விஷயத்தில் கரோலைப் பின்பற்ற வேண்டாம்!) அடுத்த ஆண்டே குழந்தை. பகலில் ஜெர்ரிக்கு ரசாயனக் கூடத்தில் வேலை. மாலையில் இருவரும் பாட்டு எழுதுவார்கள். மெட்டு கரோல், வரிகள் ஜெர்ரி.

1960ல் ஒரு நாள், 'ஷிரெல்ஸ்' குழுவுக்கு அவசரமாகப் பாட்டு தேவைப்பட்டது. கரோல் மெட்டை டேப் ரெக்கார்டரில் பதிந்து, 'வரிகள் எழுதவும்' என்று சீட்டு வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். வேலை முடிந்து வந்த ஜெர்ரி எழுதியதுதான், 'வில் யூ லவ் மீ டுமாரோ'.

ஷிரெல்ஸ், நியூஜெர்சியில் ஒரே பள்ளியில் படித்த நான்கு கறுப்பினப் பெண்கள். முன்பாட்டுக்காரி ஷெர்லிக்கு முதலில் இந்தப் பாட்டு பிடிக்கவே இல்லை! கரோல் விடவில்லை. வயலின் வாத்தியங்களுக்கான இசைக்குறிப்பை எல்லாம் தானே எழுதினார். வயது 18தான். அதோடு சேர்த்துக் கேட்டதும் ஷெர்லியின் மனம் மாறியது.

1961 ஜனவரியில் 'பில்போர்டு' பட்டியலில் அந்தப் பாட்டுக்கு முதலிடம். கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. பேருந்தில்கூட கறுப்பினத்தவரைத் தனியே உட்கார வைத்த மாநிலங்கள் அன்று அமெரிக்காவில் இருந்தன என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஜெர்ரி வேலையை விட்டார். அப்புறம் பாட்டு மழைதான்! வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஈவாவைப் பாட வைத்தார்கள். 1962ல் அந்த 'லோகோ-மோஷன்' பாட்டுக்கும் முதலிடம். 1963ல் 'சிஃபான்ஸ்' குழு பாடிய 'ஒன் ஃபைன் டே' பாட்டில் கேட்கும் பியானோ, கரோல் வாசித்ததே.

நம் தகடூரில் அதியமானைப் பாடிய ஔவையாரின் பெயர் ஈராயிரம் ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. ஆனால் ரேடியோவில் இந்தப் பாட்டுகளைக் கேட்டவர்களுக்குப் பாடிய குழுவின் பெயர்தான் தெரியும். கரோலோ மேடை ஏறவே கூச்சப்பட்டவர்!

நண்பர் ஜேம்ஸ் டெய்லர் வற்புறுத்தி மேடையேற்றினார். 1971ல் 'டேப்பஸ்ட்ரி' இசைத்தட்டு வந்தது. 15 வாரம் முதலிடம். அடுத்த ஆண்டு நான்கு கிராமி விருதுகள். அந்தத் தட்டில் ஷிரெல்ஸ் பாட்டும் உண்டு. இந்த முறை மெதுவாக, பியானோ வாசித்துக்கொண்டு, கரோலே பாடியிருக்கிறார்.