செங்கல் அடுக்கச் சொன்னார்கள், டாக்டர் ஆனார்!

பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் பரீட்சை எழுதினான். பாடப் பரீட்சை அல்ல. புத்தி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கும் பரீட்சை. அவனுக்குக் கிடைத்த எண் 82.

நடுத்தரமான புத்திக்கு 100 என்பது கணக்கு. 82 என்றால் மட்டம்!

மாணவர்களுக்கு யோசனை சொல்லும் அதிகாரி அந்தப் பையனைக் கூப்பிட்டார். உனக்குக் கை வேலைதான் வரும், கொத்து வேலைக்குப் போ, செங்கல் அடுக்கிப் பிழைத்துக்கொள் என்ற கருத்தில் யோசனை சொன்னார்.

பையன் கேட்கவில்லை. காலேஜுக்குப் போனான். 1961-ம் ஆண்டில், செயிண்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினான். எந்தப் படிப்பில் தெரியுமா? மனித மனத்தை ஆராயும் மனோதத்துவத்தில்!

அவர் பெயர் ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்தில் பிறந்த கறுப்பர்.

தப்பு தன் புத்தியில் இல்லை, பரீட்சையில்தான் என்று அவர் பிற்காலத்தில் நிரூபிக்கப் பாடுபட்டார். அவரும் அவரைப் போன்ற சிலரும் சேர்ந்து ஒரு புதிய சாஸ்திரத்தையே தொடங்கினார்கள். "கறுப்பர் மனோதத்துவம்" என்று அதற்குப் பெயர். ஆப்பிரிக்கரின் வாழ்வையும் பண்பையும் நடுவில் வைத்து மனத்தைப் பற்றிப் பேசுகிற சாஸ்திரம் அது.

ஓடினால் நோயாம்!

மனத்துக்குக்கூடவா நிறம் உண்டு? இந்தக் கேள்வி யாருக்கும் எழும். பழைய கதை ஒன்றைக் கேட்டால் விஷயம் புரியும்.

அப்போது அமெரிக்காவின் தென் பகுதியில் கறுப்பர்கள் அடிமைகள். ஆடு மாடு போல அவர்களை விலைக்கு விற்றார்கள். புருஷனை ஒருவன் வாங்குவான். மனைவியை வேறொருவன் வாங்குவான். குழந்தை மூன்றாவது ஊருக்குப் போகும்.

இந்தக் கொடுமை தாங்காமல் அடிமைகள் ஓடிப்போனார்கள். யாராக இருந்தாலும் ஓடத்தானே செய்வார்கள்?

ஆனால் லூசியானாவில் கார்ட்ரைட் என்று ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். 1851-ம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அடிமைகள் ஓடிப்போவது ஒரு மன நோய் என்றார்! அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரும் வைத்தார். சவுக்கடியும் ஒரு மருந்து என்றார். படித்த டாக்டர், பத்திரிகையில் அச்சுப் போட்டுச் சொன்ன வைத்தியம் இது!

1865-ம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் முதலில் என்ன செய்தார்கள்? பிள்ளைகளைத் தேடினார்கள். பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். என் தாயை இன்னாருக்கு விற்றார்கள், என் தம்பியை இந்த ஊரில் கடைசியாகப் பார்த்தேன், கண்டவர்கள் எழுதுங்கள் என்று பல ஆண்டு காலம் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. குடும்பப் பாசம் இல்லாதவர்கள் என்று பழி சுமத்தப்பட்ட மக்கள் கொடுத்த விளம்பரங்கள் அவை.

நாலு பொம்மைகள்

1920-ம் ஆண்டில் பிரான்சிஸ் சம்னர் என்பவர் மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கறுப்பரில் அந்தப் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவர்தான். வாஷிங்டன் நகரில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் அவர் ஆசிரியராக இருந்தபோது கென்னத் கிளார்க் என்ற மாணவர் அவரிடம் படித்தார். அதே பல்கலைக்கழகத்தில் மேமி பிப்ஸ் என்ற பெண்ணும் படித்தாள். இருவருக்கும் காதல் மலர்ந்தது. கணவன் மனைவி ஆனார்கள்.

கறுப்புக் குழந்தைகள் தங்களைப் பற்றி என்ன நினைக்கின்றன? இதுதான் மேமி எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. கணவரும் சேர்ந்துகொண்டார்.

நாலு பொம்மைகள் வாங்கினார்கள். இரண்டு வெள்ளை, இரண்டு பழுப்பு. நிறத்தைத் தவிர வேறு எந்த வித்தியாசமும் கிடையாது. மூன்று வயது முதல் ஏழு வயது வரை உள்ள 253 கறுப்புக் குழந்தைகளிடம் அவற்றைக் காட்டினார்கள்.

"நீ விளையாட ஆசைப்படும் பொம்மையை எடு."

நூற்றுக்கு 67 குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை எடுத்தன!

"நல்ல பொம்மை எது?" என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளையைக் காட்டின. "பார்க்க நன்றாக இல்லாத பொம்மை எது?" என்றார்கள். பழுப்பைக் காட்டின.

கடைசியாக ஒரு கேள்வி: "உன்னைப் போல் இருக்கும் பொம்மை எது?"

குழந்தைகள் திகைத்தன. நன்றாக இல்லை என்று சற்று முன்புதான் பழுப்புப் பொம்மையைத் தள்ளி வைத்தோம். இப்போது அதுதான் நான் என்று எப்படிச் சொல்வது? சில குழந்தைகள் விம்மி விம்மி அழுதன. அறையை விட்டே ஓடின. கேள்வி கேட்டவர்களுக்கு நெஞ்சு பதறியது. இந்த முடிவை வெளியிடக்கூட கென்னத் தயங்கினார் என்பார்கள்.

பிறகு இந்த ஆராய்ச்சி கோர்ட்டு ஏறியது. வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு ஒரு பள்ளி என்று பிரித்து வைத்திருந்ததை எதிர்த்து நடந்த வழக்கு அது. 1954-ம் ஆண்டு மே 17-ந் தேதி, பிரித்து வைப்பது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் 9 பேரும் ஒரே முடிவாகத் தீர்ப்பு கூறினார்கள். தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் எழுத்தையும் குறிப்பிட்டார்கள்.

தந்தை கொடுத்த 946 டாலர்

கணவரின் பெயர் நாடெங்கும் பரவியது. மேமியின் பெயரைச் சொன்னவர்கள் குறைவு. ஆராய்ச்சியைத் தொடங்கியவர் அவர்தான்!

டாக்டர் பட்டம் பெற்றும் அவருக்குப் பிடித்த வேலை எளிதில் கிடைக்கவில்லை. கறுப்பர், அதோடு பெண். நாமே ஓர் இடத்தைத் தொடங்கினால் என்ன என்று நினைத்தார். அவர் தந்தை ஒரு வைத்தியர். அவரிடம் 946 டாலர் கடன் வாங்கினார். 1946-ம் ஆண்டில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஓர் அடுக்கு மாடிக் கட்டிடத்தின் தரைக்குக் கீழே இருந்த அறையில், கணவனும் மனைவியும் "நார்த்சைடு" நிலையத்தைத் திறந்தார்கள். கறுப்பர்கள் நெருங்கி வாழும் இடம் ஹார்லெம்.

தாய்மார்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "என் மகனுக்குப் புத்தி குறைவு என்று பள்ளியில் எழுதிவிட்டார்கள். தனி வகுப்பில் தள்ளிவிட்டார்கள். உண்மைதானா?" இதுதான் அவர்கள் கொண்டுவந்த வழக்கு. மேமி அந்தக் குழந்தைகளை மறுபடி சோதித்தார். தனி வகுப்புக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாத குழந்தைகள்தான் அதிகம் என்று தெரிந்தது!

"குறையை மட்டும் பார்க்காதே!"

1965-ம் ஆண்டில் மோய்னிஹன் என்ற சர்க்கார் அதிகாரி ஓர் அறிக்கை எழுதினார். கறுப்பர் குடும்பம் சிதைகிறது என்றார். கறுப்பருக்கு வேலை கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆனால் படித்தவர்கள் பிடித்துக்கொண்டது வேறு. தகப்பன் இல்லாத வீடுகள், தாயே தலைமை தாங்கும் வீடுகள், ஆகவே நோய் பிடித்த வீடுகள் என்று பேசத் தொடங்கினார்கள்.

கறுப்பர்களுக்குக் கோபம் வந்தது. 1968-ம் ஆண்டில் அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் சான்பிரான்சிஸ்கோவில் மாநாடு கூட்டினார்கள். அங்கே வந்திருந்த கறுப்பு நிபுணர்கள் தனியே கூடி, தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். 82 எண் வாங்கிய ராபர்ட் வில்லியம்சும் அதை அமைத்தவர்களில் ஒருவர்.

பொம்மை ஆராய்ச்சியையும் இவர்கள் விட்டுவைக்கவில்லை. குழந்தை வெள்ளைப் பொம்மையை எடுத்தால், அது தன்னையே வெறுக்கிறது என்று அர்த்தமா? ஊரில் எதற்கு மதிப்பு என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதானே என்று கேட்டார்கள். இன்னொரு விசித்திரமும் உண்டு. பள்ளிகள் பிரிந்து கிடந்த தென் பகுதியில் வெள்ளைப் பொம்மையோடு விளையாட விரும்பிய குழந்தைகள் நூற்றுக்கு 62. வெள்ளையரோடு கலந்து படித்த வட பகுதியிலோ 72! ஒரே பள்ளியில் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது, குழந்தையின் வீட்டையும் தெருவையும் கவனிக்க வேண்டும் என்று இவர்கள் சொன்னதற்கு இதுவும் இடம் கொடுத்தது.

ராபர்ட் ஹில் என்ற ஆராய்ச்சியாளர் 1972-ம் ஆண்டில் ஒரு புத்தகம் வெளியிட்டார். கறுப்பர் குடும்பத்தின் பலம் என்ன என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. சொந்தபந்தம், உழைப்பில் ஆசை, யாருடைய வேலையையும் யாரும் செய்கிற பழக்கம், பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்ற வெறி, கடவுள் நம்பிக்கை என்று ஐந்து பலங்களைச் சொன்னார்.

இதில் சொந்தபந்தம்தான் முக்கியம். தகப்பன் இல்லாவிட்டால் வீடு காலியாகிவிடுமா? பாட்டி இருக்கிறாள். அத்தை இருக்கிறாள். பெரியம்மா பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். தாய் வெளியூருக்கு வேலைக்குப் போனால் பிள்ளை பாட்டி வீட்டில் வளரும். கோர்ட்டுக்குப் போகாமல், பத்திரம் எழுதாமல், பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தவர்கள் ஏராளம். கணக்கு எடுக்க வந்த அதிகாரி கதவைத் தட்டி, "தகப்பன் எங்கே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனால் இதெல்லாம் அவர் நோட்டில் ஏறுமா?

வேடு நோபில்ஸ் என்ற நிபுணர் இன்னும் ஆழத்துக்குப் போனார். தனி மனிதன் முதலில், கூட்டம் பிறகு என்பது ஐரோப்பியர் வழி. ஆப்பிரிக்கர்களுக்கோ கூட்டம் இருப்பதால்தான் நான் இருக்கிறேன் என்பது வழி. கடல் கடந்து அடிமையாகக் கொண்டுவந்த பிறகும் அந்த எண்ணம் அழியவில்லை என்றார். கறுப்பர் குடும்ப வாழ்வை ஆராய ஓக்லண்டு நகரில் ஒரு நிலையம் நிறுவினார். வாலிப வயதை எட்டும் பையன்களைப் பெரியவர்கள் கூட்டி வைத்துப் பயிற்சி கொடுப்பது ஆப்பிரிக்காவில் பல இனங்களின் வழக்கம். அதையே மாதிரியாக வைத்து, "பருந்து" என்று பொருள்படும் பெயரில் பையன்களுக்குப் பயிற்சித் திட்டம் நடத்தினார்.

ஆறு குழந்தைகள் வழக்கு

பேச்சு ஒரு பக்கம். கோர்ட்டு ஒரு பக்கம். 1971-ம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் ஆறு கறுப்புக் குழந்தைகளின் சார்பில் ஒரு வழக்குப் போட்டார்கள். புத்திப் பரீட்சையில் 75-க்குக் கீழே வாங்கியதால் மந்த புத்தி வகுப்பில் போடப்பட்டவர்கள் அந்தக் குழந்தைகள்.

கறுப்பு மனோதத்துவ நிபுணர்கள் அவர்களைத் தேடிப் போனார்கள். உட்கார்ந்து பழகினார்கள். பயத்தைப் போக்கினார்கள். கேள்விகளைக் குழந்தைக்குப் பழக்கமான வார்த்தையில் மாற்றிக் கேட்டார்கள். புத்தகத்தில் உள்ள விடை இல்லாவிட்டாலும், புத்திசாலித்தனமான பதில் என்றால் எண் கொடுத்தார்கள். ஆறு குழந்தைகளும் 75-க்கு மேல் வாங்கிவிட்டார்கள்!

அப்படி என்ன கேள்வி அது? பெயர் பெற்ற ஒரு கேள்வியைப் பாருங்கள். உன்னைவிட மிகச் சின்னப் பையன் உன்னோடு சண்டைக்கு வந்தால் என்ன செய்வாய்? சண்டை போடாமல் ஒதுங்கிப் போவேன் என்றால் எண் உண்டு. திருப்பி அடிப்பேன் என்றால் இல்லை. அடி வாங்கிக்கொண்டு ஒதுங்கினால் நாளைக்கு நாலு பேர் சேர்ந்து அடிப்பார்கள் என்ற தெருவில் வளர்ந்த பையன் என்ன சொல்வான்?

வில்லியம்ஸ் பதிலுக்கு ஒரு வேலை செய்தார். கறுப்பர் தெருவில் புழங்கும் சொற்களை வைத்து 100 கேள்விகள் கொண்ட பரீட்சை ஒன்றைத் தயாரித்து, 1972-ம் ஆண்டில் வெளியிட்டார். கறுப்பர்கள் நிறைய எண் வாங்கினார்கள். வெள்ளையர்கள் பின்தங்கினார்கள்! புத்தியை இப்படி அளக்க முடியாது என்று காட்டத்தான் அந்த வேடிக்கை.

1979-ம் ஆண்டில் நீதிபதி பெக்காம் தீர்ப்புக் கூறினார். கலிபோர்னியா பள்ளிகளில் கறுப்புக் குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் 10. மந்த புத்தி வகுப்புகளிலோ சுமார் 25! அந்த வகுப்புகளில் கறுப்புக் குழந்தைகளைச் சேர்க்கப் புத்திப் பரீட்சையைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர் தடை விதித்தார்.

வீட்டுக்குள்ளேயே சண்டை

எல்லோரும் இந்தப் புது வழியை ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கென்னத் கிளார்க்கே ஒப்பவில்லை! கறுப்பருக்குத் தனி விடுதி, தனி இடம் என்ற பேச்சு எழுந்தபோது அவர் கடுமையாக எதிர்த்தார். பிரித்து வைக்காதே என்று கோர்ட்டு வரை போனவர் அல்லவா?

ஆப்பிரிக்கா என்பது ஒரே ஊர் அல்ல. நூற்றுக்கணக்கான மொழிகளும் இனங்களும் உள்ள கண்டத்துக்கு ஒரே மனம் இருக்க முடியுமா என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சிலர் தோலைக் கறுப்பாக்கும் பொருளுக்கே தனிச் சக்தி உண்டு என்று எழுதினார்கள். அதை விஞ்ஞானம் ஏற்கவில்லை.

ஆயினும் வேலை நிற்கவில்லை. அந்தச் சங்கம் வேறொரு ஸ்தாபனத்தோடு சேர்ந்து "உணர்ச்சி விடுதலை வட்டங்கள்" என்ற கூட்டங்களுக்கு வழி வகுத்தது. அக்கம்பக்கத்துக் கறுப்பர்கள் வட்டமாக உட்காருவார்கள். வெள்ளையர் மேல், கறுப்பர் தாழ்வு என்ற பொய் எங்கிருந்து வந்தது, அது நம் வீட்டில் எப்படிப் புகுந்தது என்று மனம் விட்டுப் பேசுவார்கள்.

2021-ம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க மனோதத்துவ சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. இன வெறிக்குத் தங்கள் சாஸ்திரம் துணை போனது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

ராபர்ட் வில்லியம்ஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அதற்கு முந்திய ஆண்டு, தம்முடைய 90-வது வயதில் அவர் காலமானார். தமக்கு டாக்டர் பட்டம் கொடுத்த அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர் பல ஆண்டு பேராசிரியராக இருந்தார். மேமி 1983-ம் ஆண்டிலும் கென்னத் 2005-ம் ஆண்டிலும் மறைந்தார்கள். 946 டாலர் கடனில் தொடங்கிய நார்த்சைடு நிலையம் ஹார்லெமில் இன்றும் நடக்கிறது.