வயலைக் குறுக்கே வெட்டிய எல்லைகள்

தெற்கு இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில், புல் மூடிய மேடுகளின்மேல் சில பள்ளங்கள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கின்றன. தோண்டிய மண்ணைப் பக்கத்திலேயே குவித்த கரையும் கூடவே ஓடுகிறது. வெண்கலக் காலத்தின் பிற்பகுதியில், சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் வெட்டியவை. அகழி என்றால் ஊரைச் சுற்றி வளைக்கும். இவை எதையும் வளைக்காமல் மேட்டில் ஏறிச் சரிவில் இறங்கித் தம் போக்கில் போகின்றன. இவ்வளவு நீளத்துக்குக் காவல் போட ஆளும் கிடைக்காது. நிலத்தைப் பங்கு பிரித்த எல்லைகள் இவை.

சில இடங்களில் பள்ளம், பழைய வயல்களின் வரப்புகளைப் பொருட்படுத்தாமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய தடயம் இதுதான். யாரோ உழுது பயிரிட்ட மண்ணில் புதிய பிரிவினை ஒன்று வந்து விழுந்திருக்கிறது. ஹாம்ப்ஷயரில் உள்ள குவார்லி குன்றில் இத்தகைய பள்ளங்கள் பல வந்து கூடுகின்றன. 1938இல் கிறிஸ்டோபர் ஹாக்ஸ் அங்கே அகழாய்வு செய்தார். குன்றின்மேல் இருக்கும் கோட்டை, அந்த எல்லைகளுக்குப் பிறகு எழுந்தது.

அந்தக் காலத்தில் அங்கே காடா, புல்வெளியா என்பதை நத்தைகளிடம் கேட்கலாம். அடியில் இருப்பது சாக்கு எனப்படும் மென்மையான வெண் சுண்ணாம்புப் பாறை. அதன் காரத்தன்மையால் கடுகளவு நத்தை ஓடுகூடக் கரையாமல் தங்கிவிடுகிறது. பள்ளத்தில் படிந்த மண்ணை அடுக்கடுக்காக எடுத்துச் சலித்து, உருப்பெருக்கியில் வைத்து இனம் பிரிக்கிறார்கள். நிழலை நாடும் நத்தைகள் மிகுந்தால் மரங்கள் இருந்தன. திறந்த வெளியில் வாழ்பவை மிகுந்தால் புல்லோ உழவோ இருந்தது.

பள்ளம் தூர்ந்துபோகும் விதத்தையும் நேரடியாகச் சோதிக்கிறார்கள். 1960இல் வில்ட்ஷயரின் ஓவர்டன் டவுனில் புதிதாக ஒரு பள்ளமும் கரையும் அமைத்தார்கள். மான்கொம்பையும் மாட்டின் தோள்பட்டை எலும்பையும் வைத்தும் தோண்டிப் பார்த்தார்கள். கரைக்குள் துணி, தோல், எலும்பு எல்லாம் புதைத்தார்கள். 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும் ஆண்டு இடைவெளிகளில் குறுக்கே வெட்டி ஆராய்வது திட்டம். உறைபனி பாறையைப் பிளந்து உதிர்த்ததில், முதல் சில ஆண்டுகளிலேயே செங்குத்தான பக்கங்கள் சரிந்து அடியை நிரப்பின. புல் பிடித்த பிறகு வேகம் தணிந்துவிட்டது. அதனால் பழைய பள்ளத்தின் அடியில் உள்ள சாக்குத் துண்டுகளை, வெட்டிய சில ஆண்டுகளுக்குள் விழுந்தவை என்று கொள்ள முடிகிறது. 128ஆம் ஆண்டின் வெட்டு 2088இல் வரும்.